கொழுப்புக் குளிசையும் மீன் எண்ணெயும் சேர்த்து எடுத்தால் கால் உளையுமா? அவசரம்

வாணி:
அம்மா கொழுப்புக் குளிசை எடுக்கிறார். லண்டனிலிருந்து வந்த மாமி மீன் எண்ணெய்க் குளிசைப் போத்தல் தந்துவிட்டுப் போனார், அதையும் சேர்த்து எடுக்கிறார். இப்போது இரண்டு தொடையும் ஒரே உளைவு, கதிரையிலிருந்து எழும்பவே இரண்டு கையையும் ஊன்ற வேண்டியிருக்கிறது. இரண்டும் ஒத்துவராதா? எதை நிற்பாட்டுவது? கெதியாகச் சொல்லுங்கோ.

மானிப்பாய் ரஞ்சன்:
என்ன குளிசை, எத்தனை மில்லிகிராம், அம்மாவுக்கு என்ன வயது? தைரொயிட் பார்த்தீர்களா? அது குறைந்தாலும் கொழுப்பு கூடும், தசையும் நோகும்.

சுன்னாகம் அக்கா:
மீன் எண்ணெய்தான் பிள்ளை, அது இரத்தத்தை இளக்கும். என் மனிசனுக்கு அதை எடுத்த காலத்தில் முழங்கைக்குக் கீழே நீலம் நீலமாகக் கண்டியது. உடனே நிற்பாட்டுங்கோ.

மானிப்பாய் ரஞ்சன்:
கண்டுவது வேறு, தசைநோ வேறு அக்கா. அவர் அஸ்பிரினும் எடுத்தவரோ?

பழைய மாணவன்:
இதே கேள்வி இங்கே எத்தனையோ தரம் வந்துவிட்டது, தேடிப் பார்த்துவிட்டுக் கேட்கப் பழகுங்கள். தசைநோவைத் தருவது ஸ்ரற்றின் என்ற கொழுப்புக் குளிசை. 2018இல் வெளிவந்த ரெடியூஸ்-இட் ஆய்வில் 8,000க்கு மேற்பட்ட ஆட்கள், எல்லோரும் ஸ்ரற்றின் எடுத்தவர்கள், ஒரு பகுதியினருக்கு அதோடு நாளுக்கு 4 கிராம் சுத்திகரித்த ஈபிஏ, அதாவது மீன் எண்ணெயிலுள்ள ஒமேகா-3 கொழுப்பு, கொடுத்தார்கள். அவர்களிடம் கூடியது இதயத் துடிப்பு ஒழுங்கீனமும் கொஞ்சம் இரத்தக்கசிவும். கடையில் விற்கும் 1000 மில்லிகிராம் மீன் எண்ணெய்க் குளிசையில் ஈபிஏ பொதுவாக 180 மில்லிகிராம்தான். அடிப்படை தெரியாமல் பயப்படுவதில் பயனில்லை.

குருநகரான்:
போத்தல் எதற்கு? சூடையும் கும்பிளாவும் விடியவே சந்தைக்கு வருகிறது. வாரத்தில் இரண்டு நாள் குழம்பு வைத்துச் சாப்பிட்டால் போதாதா?

சுன்னாகம் அக்கா:
குழம்பு வைத்தால் சரி, பொரித்தால்? அதோடு முதற்பாலில் சொதி வேறு. சொதியை விடாமல் குளிசை போட்டு என்ன பலன்?

குருநகரான்:
சொதியைக் குறை சொல்லாதீங்கோ அக்கா. எங்கள் அப்பு கடைசிவரை சொதியோடுதான் சாப்பிட்டவர்.

பழைய மாணவன்:
தேங்காய்ப்பாலில் இருப்பது நிறைவுற்ற கொழுப்பு, எல்டிஎல் என்ற கெட்ட கொழுப்பைக் கூட்டும். உங்கள் அப்பு வயலில் வேலை செய்தவராக இருப்பார்.

பாமசியில் நிற்பவன்:
சொதியைப் பிறகு பார்க்கலாம். வாணி, அம்மாவுக்குக் கிட்டடியில் வேறு மருந்து ஏதும் தந்தார்களா? இருமல், தொண்டைநோவுக்கு என்று? கிருமிக்குத் தரும் கிளரித்ரோமைசின், எரித்ரோமைசின், பூஞ்சைக்குத் தரும் இற்றாகொனசோல் எல்லாம் ஈரலில் ஸ்ரற்றினை உடைக்கும் நொதியத்தை மறித்துவிடும், மருந்து இரத்தத்தில் தேங்கி நிற்கும். மற்றது, போத்தலில் மீன் எண்ணெய் என்றிருக்கா, கொட் மீன் ஈரல் எண்ணெய் என்றிருக்கா? ஈரல் எண்ணெய் என்றால் விற்றமின் ஏயும் சேர்ந்தே உள்ளே போகும், கணக்கில்லாமல் எடுக்கக் கூடாது. எல்லாவற்றையும் விட முக்கியம், சிறுநீர் என்ன நிறம்?

வாணி:
வயது 67. அற்றோவஸ்ரற்றின் 40, இரவில். வருடக்கணக்காக எடுக்கிறார், ஒன்றும் செய்யவில்லை. இருமலுக்குத் தனியார் டொக்ரர் ஒருவர் கிளரித்ரோமைசின் தந்தவர், அது இன்னும் முடியவில்லை. போத்தல் ஈரல் எண்ணெய்தான். சிறுநீர் பிளேன்ரீ மாதிரி இருக்கிறது, தண்ணீர் குடிக்காததால் என்று அம்மா சொல்கிறார்.

பாமசியில் நிற்பவன்:
இனி இங்கே பார்த்துக்கொண்டிருக்காதீங்கோ. இன்றிரவு அற்றோவஸ்ரற்றின் கொடுக்க வேண்டாம். இப்பவே போதனா வைத்தியசாலை அவசர சிகிச்சைப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கோ, வீட்டிலுள்ள மருந்து எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு. தசை உடைந்தால் அந்தக் கழிவு சிறுநீரகத்தை அடைக்கும். அற்றோவஸ்ரற்றின், கிளரித்ரோமைசின் இரண்டின் பெயரையும் சொல்லுங்கோ, இரத்தத்தில் தசை உடைவைக் காட்டும் சிபிகேயும் சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியற்றினினும் பார்ப்பார்கள்.

பழைய மாணவன்:
கிளரித்ரோமைசின் பற்றி முதலிலேயே எழுதியிருந்தால் நானும் இதைத்தான் சொல்லியிருப்பேன்.

மானிப்பாய் ரஞ்சன்:
கேட்காமல் எப்படி எழுதுவது? அவவுக்கு அது சம்பந்தப்பட்டது என்றே தெரியாதே.

குருநகரான்:
எங்கள் அப்பு கடலுக்குப் போனவர், வயலுக்கு இல்லை.

வாணி:
சிபிகே நன்றாகக் கூடியிருக்கிறதாம். வாட்டில் வைத்து சேலைன் ஏற்றுகிறார்கள். அற்றோவஸ்ரற்றின், கிளரித்ரோமைசின் இரண்டையும் நிற்பாட்டியாச்சு. மீன் எண்ணெயால் இல்லை என்றார்கள். நன்றி.

பாமசியில் நிற்பவன்:
நல்லது. வீட்டுக்கு விடும்போது கிளினிக் கொப்பியில் கிளரித்ரோமைசின் பெயரை எழுதுவியுங்கோ. ஸ்ரற்றினைத் திரும்ப எப்போது, எத்தனையில் தொடங்குவது என்று கிளினிக்கில் கேளுங்கோ, நீங்களாகத் தொடங்க வேண்டாம், அதற்காக ஒரேயடியாக விட்டுவிடவும் வேண்டாம்.