ஜோக்பால் (கொரியப் பன்றிக்கால் உணவு) கடையில் நண்பருடன்: உங்களுக்கு நேர்ந்ததை எழுதுங்கள்

வழிப்போக்கன்
சியோலில் இருப்பவர்களுக்கு ஜாங்சுங்டோங் ஜோக்பால் தெருவைப் பற்றி நான் சொல்ல வேண்டியதில்லை. வார இறுதிக் கூட்டம். ஆய்வகத் தோழனும் நானும் போயிருந்தோம். வாசலை ஒட்டிய மேசைதான் கிடைத்தது. பக்கத்திலேயே ஒரு பாட்டி, சோயாவில் வெந்து கருத்த பன்றிக்காலைப் பலகையில் வைத்துச் சீவிக்கொண்டிருந்தார். எந்த ஊர் என்று அவனைக் கேட்டார். பூசான் என்றான். அதற்கு முன்பு எந்த ஊர் என்று கேட்டார். தாத்தா கொரியப் போரின்போது வடக்கே உள்ள பியோங்கானிலிருந்து தெற்கே வந்தவர் என்றான். பாட்டியின் கத்தி நின்றுவிட்டது. பாதி சீவிய துண்டு எலும்பிலேயே தொங்க, அவன் முகத்தையே பார்த்தார். பிறகு இருவரும் தாழ்ந்த குரலில் ஏதோ பேசினார்கள், எனக்குப் பிடிபடவில்லை. தட்டு வந்தபோது, சதை நிறைய ஒட்டியிருந்த பெரிய எலும்பை அவன் பக்கமாகத் திருப்பி வைத்துவிட்டுப் போனார். அவன் அதைத் தொடவே இல்லை. கிளம்பும்போது அதை மட்டும் கட்டித் தரச் சொல்லி வாங்கிக்கொண்டான். என்ன பேசினீர்கள் என்று அவனிடம் கேட்கலாமா, கூடாதா? இன்னும் மனம் அதிலேயே நிற்கிறது.

கொங்தோக்வாசி
ஜாங்சுங்டோங்கில் இப்போது பெயர்தான் பெரிது. எல்லாப் பலகையிலும் அசல் கடை என்றே எழுதியிருக்கிறது. சியோலிலேயே கொங்தோக் சந்தைக்குப் போங்கள். நான் அறைத்தோழியோடு போனேன். சிரிக்கும்போதுகூட வாயைக் கையால் மறைப்பவள். வேலை கிடைக்கவில்லை என்று தகவல் வந்த மாலை அது. பிளாஸ்டிக் கையுறையை மாட்டிக்கொண்டு எலும்பை இரு கையாலும் பிடித்து, கண்ணீர் வழிய வழியக் கடித்தாள். யார் பார்த்தாலும் கவலைப்படவில்லை.

புதிதாகப் போகிறவர்களுக்குச் சிலவற்றைச் சொல்லிவிடுகிறேன். முன்கால் கேளுங்கள். விலை சற்றுக் கூடும். ஆனால் பின்காலைவிடச் சதை மென்மை. குவியலைப் பார்த்து மலைக்காதீர்கள், அடியில் எலும்புதான் இருக்கும். இருவருக்குச் சிறிய தட்டே போதும். சுடச்சுட வரவில்லை என்று சண்டை போடாதீர்கள். கொஞ்சம் ஆறி இறுகினால்தான் தோலோடு மெல்லியதாகச் சீவ முடியும். உப்பில் ஊறிய பொடி இறாலான சேவுஜோத்தைத் துளிதான் தொட வேண்டும். அதற்குமேல் போனால் இறைச்சியின் சுவையே தெரியாது. மணமுள்ள கெனிப் இலையில் ஒரு துண்டு, ஒரு பூண்டுச் சீவல், கொஞ்சம் ஸம்ஜாங் என்ற காரமான சோயா விழுது, எல்லாம் வைத்து மடித்து ஒரே வாயில் போட வேண்டும். காரமான மக்குக்சு நூடுல்ஸை இடையிடையே சாப்பிட்டால் கொழுப்புத் திகட்டாது. கொங்தோக்கில் சுண்டே என்ற இரத்தத் தொத்திறைச்சியும் அதன் சூப்பும் கூடவே இலவசமாகத் தருகிறார்கள். வேறெங்கே தருகிறார்கள், சொல்லுங்கள்.

நாம்சான் அடிவாரம்
கொங்தோக்வாசி, இலவச சூப்பை வைத்து ஜாங்சுங்டோங் தெருவை எடைபோடாதீர்கள். போரில் வடக்கிலிருந்து வந்தவர்கள் பிழைப்புக்காகத் தொடங்கிய கடைகள் அவை. அருகிலேயே 1963இல் ஜாங்சுங் உள்விளையாட்டரங்கம் திறந்தது. குத்துச்சண்டையும் மல்யுத்தமும் பார்க்க வந்தவர்கள் பசியோடு இந்தத் தெருவுக்குள் நுழைந்தார்கள். 1966இல் கிம் கி-சூ இத்தாலியின் பென்வெனூட்டியை வீழ்த்தி, கொரியாவின் முதல் உலகக் குத்துச்சண்டைச் சாம்பியனானது அந்த அரங்கில்தான்.

என் வீட்டு உரிமையாளர் அந்தச் சண்டையைச் சிறுவனாக வானொலியில் கேட்டவர். எனக்கு அவர் நண்பரும்கூட. ஜோக்பால் தட்டுக்கு முன்னால், கையுறை மாட்டிய கைகளை முஷ்டியாக்கித் தாடைக்கு நேரே தூக்கி, கிம் எப்படி நின்றார் என்று காட்டினார். பக்கத்து மேசைப் பெரியவர் ஒருவர் எழுந்து வந்து, இடது கை இன்னும் தாழ்வாக இருக்க வேண்டும் என்று திருத்தினார். இதை எந்தச் சந்தையில் இலவசமாகத் தருவார்கள்?

தெற்குக் கரை
சியோல்காரர்கள் இரண்டு தெருக்களுக்குள்ளேயே சண்டை போடுகிறீர்கள். பூசானில் புப்யோங்டோங் பக்கம் ஜெல்லிமீனும் கடுகுச் சாறும் சேர்த்துக் குளிர்ச்சியாகத் தரும் ஜோக்பாலை யாருமே சொல்லவில்லை. ராணுவத்தில் சேர நோன்சான் பயிற்சி முகாமுக்குப் போகவிருந்த நண்பனோடு அங்கே போனேன். மறுநாள் காலை அவனுக்குப் பயணம். மழித்த தலையை நொடிக்கொரு முறை தடவிக்கொண்டே இருந்தான். பிறகு ஒரு துண்டை இலையில் மடித்து, இனி உனக்கு யார் இப்படிச் செய்து தருவார்கள் என்று சொல்லி என் வாயில் ஊட்டிவிட்டான். கடுகு மூக்கில் ஏறி எனக்குக் கண் கலங்கியது. அவன் கண்ணும் கலங்கியிருந்தது. அவனோ இன்னும் ஒரு வாய்கூடச் சாப்பிட்டிருக்கவில்லை.

வழிப்போக்கன்
முன்காலா பின்காலா என்று நான் கேட்கவில்லை நண்பர்களே. தோழனிடம் கேட்கலாமா என்றுதான் கேட்டேன்.

நாம்சான் அடிவாரம்
கேளுங்கள், ஆனால் கடையில் வைத்து வேண்டாம். சுசோக் அறுவடைப் பண்டிகை வரட்டும். வடக்கில் ஊரை விட்டு வந்த குடும்பங்கள் அன்று வட எல்லையை ஒட்டிய பாஜூவில் உள்ள இம்ஜின்காக் போய், வடக்கு நோக்கி முன்னோர்களுக்கு வணக்கம் செலுத்துவார்கள். உங்கள் வீட்டிலும் போவதுண்டா என்று கேளுங்கள். சொல்ல விருப்பமிருந்தால், பாட்டியோடு பேசியதையும் அவனே சொல்லிவிடுவான்.

கொங்தோக்வாசி
இதில் நானும் உடன்படுகிறேன். ஆனால் முன்கால் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.