வாடகை வீட்டில் மனம் ஊன்ற வழி சொல்லுங்கள்

அக்காமாருக்கும் தங்கச்சிமாருக்கும் ஸ்தோத்திரம். ஒரு ஆலோசனை வேணும்.

ஆரையம்பதியில் எங்கள் வீட்டு வேலை காசில்லாமல் பாதியில் நிற்கிறது. அது முடியும்வரை கல்லடியில் வாடகைக்கு இருக்கிறோம். இங்கே என் மனம் ஒட்டவே இல்லை. நல்ல பீங்கான்கள் இன்னும் பெட்டிக்குள்தான், பழைய பேப்பர் சுற்றினபடி. ஜன்னலுக்குத் திரைச்சீலைகூடத் தைக்கவில்லை, சொந்த வீட்டுக்குப் போய்ப் பார்க்கலாம் என்று. ஆனால் பிள்ளைகள் வளர்வது இந்த வீட்டில்தானே?

வேதாகமத்தில் எரேமியா 29ஆம் அதிகாரம் வாசித்தேன். பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா தீர்க்கதரிசி அனுப்பின கடிதம் அது. அவர்களிடமே, வீடு கட்டிக் குடியிருங்கள், தோட்டம் போடுங்கள் என்கிறார் கர்த்தர். திரும்பிவர 70 வருஷம் என்பதும் அதே கடிதத்தில்தான் இருக்கிறது. எனக்கும் இங்கேயே வாழத் தொடங்க ஆசை வந்துவிட்டது.

வீட்டுச் சொந்தக்காரர் சுவரில் ஆணி அடிக்க வேண்டாம் என்கிறார் (அது நியாயம்தான்). அப்போ வசன அட்டையை எப்படி மாட்டுவது? இந்தக் கடற்கரை மணலில் வல்லாரை, பொன்னாங்காணி வருமா, சாக்கில் மண் போட்டு வைக்கிறதா? மாரி மழைக்கு அழுகாதா?

முக்கியமாக, வீடு மாறி மாறி இருந்த அக்காமார் சொல்லுங்கள்: சொந்த வீட்டுக்காக ஜெபிக்கவும் வேணும், இருக்கிற வீட்டில் நிறைவாக இருக்கவும் வேணும். இரண்டையும் எப்படிச் சேர்த்துச் செய்தீர்கள்?