‘நம் வீடு, திருச்சி’ குழு: ஸ்பெயினின் சாலமன்காவில் மொழி படிக்கும் யாழினி தங்கியிருக்கும் வீடு (நேரங்கள் எல்லாம் இந்திய நேரம்; ஸ்பெயின் நான்கரை மணி நேரம் பின்னால்)

பிப்ரவரி, சனிக்கிழமை

அம்மா [இரவு 8:05]: யாழினி, இரவு ஒன்பதரைக்குத்தான் சாப்பிட உட்காருகிறோம் என்று எழுதியிருந்தாய். அப்போது இங்கே அதிகாலை இரண்டு மணி. அதுவரை பசியோடு இருக்கிறாயோ என்று எனக்குத் தூக்கமே வருவதில்லை. செந்தில் மார்ச் மாதம் ஊருக்கு வந்து திரும்பும்போது சின்ன ரைஸ் குக்கர் ஒன்றும், பருப்புப் பொடி, நெய், கறிவேப்பிலை எல்லாமும் கொடுத்தனுப்பலாம் என்றிருக்கிறேன். ஏழு மணிக்கே உன் அறையில் கொஞ்சம் சாதம் வடித்துச் சாப்பிட்டுவிட்டுப் படி, கண்ணு.

அத்தை [இரவு 8:11]: அண்ணி சொல்வதும் நியாயம்தான். முன்பின் தெரியாதவர்கள் வீட்டில் வாய்விட்டுக் கேட்கக் கூச்சமாக இருக்கும். அதோடு அந்த ஊரில் எதற்கெடுத்தாலும் பன்றி இறைச்சி போடுவார்களாமே, நீ என்ன செய்கிறாய்?

யாழினி [இரவு 9:20]: இப்போதுதான் மதியச் சாப்பாடு முடிந்து எழுந்தேன், அதனால்தான் பதில் தாமதம். அம்மா, தயவுசெய்து குக்கர் வேண்டாம். நான் பசியோடு இல்லை. இங்கே மதியம் இரண்டரை மணிக்குச் சாப்பிடுவதுதான் பெரிய சாப்பாடு. முதலில் பருப்போ சூப்போ ஒரு தட்டு, அடுத்து மீனோ கோழியோ ஒரு தட்டு, கடைசியில் ஆரஞ்சு அல்லது தயிர். காலையில் தக்காளியும் ஆலிவ் எண்ணெயும் தடவிய ரொட்டியும் காபியும், மாலை ஆறு மணிக்கு ஏதாவது சிறுதீனி, இரவில் ஆம்லெட் மாதிரி எளிமையானது. முதல் சில நாட்கள் வயிறு சிணுங்கியது உண்மைதான், இப்போது அந்த நேரத்துக்கு அதுவே பழகிவிட்டது.

யாழினி [இரவு 9:26]: அத்தை கேட்டது முக்கியமான கேள்வி. தங்கும் வீட்டுக்கான படிவத்தில் ‘பன்றி, மாடு சாப்பிடமாட்டேன்’ என்று எழுதித்தான் வந்தேன். வந்த புதிதில் வீட்டுக்கார அம்மா பயறு சமைத்திருந்தார். எல்லோருக்கும் ஒரே சட்டி. அதில் சொரீசோ என்கிற, மிளகாய்த்தூள் சேர்த்த பன்றித் தொத்திறைச்சித் துண்டுகள். என் தட்டிலிருந்து மட்டும் அவற்றைக் கவனமாக எடுத்துப் போட்டுவிட்டுப் பரிமாறினார். அவரைப் பொறுத்தவரை படிவத்தில் இருந்ததை அப்படியே செய்திருந்தார். மறுநாள் காலை, அவர் அடுப்படியில் தனியாக இருந்தபோது, துண்டுகளை எடுத்தாலும் சாறு இறங்கிவிடும், அதனால் சட்டியிலேயே போடாமல் இருந்தால்தான் என்னால் சாப்பிட முடியும் என்று என் அரைகுறை ஸ்பானிய மொழியில் சொன்னேன். அவர் முகம் சுளிக்கவே இல்லை. ஹமோன் என்கிற, உப்பிட்டு உலர்த்திய பன்றித்தொடையின் எலும்பு போட்டுக் கொதிக்க வைத்த சூப்பும் ஆகாதா, பன்றிக்கொழுப்பு சேர்த்த பிஸ்கட்டும் ஆகாதா என்று அவரே ஒவ்வொன்றாகக் கேட்டு, குளிர்பெட்டிக் கதவில் எழுதி ஒட்டிவிட்டார்.

செந்தில் அண்ணன் [இரவு 9:31]: நல்ல காரியம் செய்தாய். ஸ்பெயினில் ‘இறைச்சி வேண்டாம்’ என்று பொதுவாகச் சொன்னால் போதாது. ஹமோனையும் சூரை மீனையும் இறைச்சிக் கணக்கில் சேர்க்காதவர்கள் மாட்ரிட்டில்கூட எனக்கு நிறையப் பேர் வாய்த்தார்கள். எது எது ஆகாது என்று பெயர் பெயராகச் சொல்ல வேண்டும், அதுவும் முதல் வாரத்திலேயே சொல்லிவிட வேண்டும். மூன்று மாதம் பொறுத்திருந்து சொன்னால், இத்தனை நாள் விருப்பமில்லாமலா சாப்பிட்டாள் என்று அவர்கள் மனம் வருந்தும். சாலமன்கா மாகாணத்தில் இது கூடுதலாகவே வேண்டும். ஹமோனுக்குப் பேர்போன கிஹுவேலோ என்ற ஊர் அங்கேதான் இருக்கிறது.

அப்பா [இரவு 9:40]: சாப்பாட்டு நேரம் ஏன் இவ்வளவு தள்ளிப் போகிறது என்று படித்துப் பார்த்தேன். ஸ்பெயின் ஏறத்தாழ இங்கிலாந்து இருக்கும் தீர்க்கரேகையில் இருந்தும், 1940-இலிருந்து ஜெர்மனியின் நேரத்தையே வைத்திருக்கிறது. ஆகவே கடிகாரத்தில் ஒன்பதரை என்றாலும் சூரியன் கணக்கில் எட்டு மணி சுமாருக்குத்தான் அவர்கள் இரவுச் சாப்பாடு சாப்பிடுகிறார்கள். நம் வீட்டு நேரமும் அதுதானே.

யாழினி [இரவு 9:52]: ஆமாம் அப்பா, இப்போது இங்கே காலை எட்டு மணிக்கு மேல்தான் வெளிச்சமே வருகிறது. ஆனால் நான் குக்கர் வேண்டாம் என்பதற்கு நேரம் மட்டும் காரணம் இல்லை. இந்த வீட்டில் எல்லாமே மேசையில்தான் நடக்கிறது. சாப்பிட்டு முடித்தவுடன் யாரும் எழுவதில்லை. ஒரு மணி நேரம் அப்படியே உட்கார்ந்து பேசுகிறார்கள். வகுப்பில் இலக்கணம் படிக்கிறேன், ஆனால் காது திறப்பது அந்த ஒரு மணி நேரத்தில்தான். மூன்று மணிக்குத் தொலைக்காட்சியில் செய்தி ஓடும், வீட்டுக்காரர் அதைப் பற்றி ஏதாவது சொல்வார், அந்த அம்மா மறுத்துப் பேசுவார், வயதான பாட்டி நடுவில் புகுந்து அந்தக் காலத்துக் கதையை எடுப்பார், எனக்குப் புரியவில்லை என்றால் மூவரும் சேர்ந்து விளக்குவார்கள். ஏழு மணிக்கே அறையில் தனியாகச் சாப்பிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டால் நான் வாடகைக்கு இருக்கிறவள் ஆகிவிடுவேன். அதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்?

யாழினி [இரவு 9:58]: அந்த மேசையைப் பற்றிச் சொல்ல வேண்டும். வட்ட மேசை, மேலே தரை வரை தொங்கும் கனமான துணி, அடியில், தரைக்குச் சற்று மேலே, ஒரு மரச்சட்டத்தில் சிறிய மின்கணப்பு வைத்திருக்கிறார்கள். முன்பெல்லாம் அந்த இடத்தில் கரித்தணல் போட்ட பித்தளைத் தட்டு இருக்குமாம். துணியைத் தூக்கி மடிமேல் போட்டுக்கொண்டு கால்களை உள்ளே விட்டால், வெளியே பூச்சியத்துக்குக் கீழே குளிர் இருந்தாலும் முழங்கால் வரை கதகதப்பாக இருக்கிறது. மாலையில் பாட்டி பின்னிக்கொண்டிருப்பார், நான் அதே துணிக்கு அடியில் கால் நீட்டி வீட்டுப்பாடம் எழுதுவேன். வீடு முழுவதும் சூடேற்றுவதைவிட இதற்குச் செலவும் குறைவாம்.

பெரியம்மா [இரவு 10:05]: கேட்கவே நிம்மதியாக இருக்கிறது. வெள்ளிக்கிழமை தலைக்கு எண்ணெய் வைத்துக் குளிக்கிறாயா, அல்லது அங்கே குளிருக்குப் பயந்து விட்டுவிட்டாயா?

யாழினி [இரவு 10:14]: குளிக்கிறேன் பெரியம்மா, ஆனால் நேரத்தை மாற்றிக்கொண்டேன். வெந்நீர் ஒரு மின்சாரத் தொட்டியில் சேர்கிறது. ஒருவர் நிறையப் பிடித்துவிட்டால் அடுத்தவருக்குப் பச்சைத் தண்ணீர்தான். வீட்டுக்காரர் காலை ஏழு மணிக்குக் குளிப்பவர். ஆகவே தலைக்குக் குளிப்பதை மாலை ஐந்து மணிக்கு வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டேன். அவருக்கும் அதுவே வசதியாகப் போயிற்று. குளியலறைத் தரையில் தண்ணீர் போக வழி கிடையாது, அதனால் தொட்டிக்குள் நின்று, திரையை உள்பக்கமாக விட்டுக்கொண்டு குளிக்க வேண்டும், முடித்ததும் துடைத்துவிட்டு வர வேண்டும். துணி துவைப்பது சனி, ஞாயிறு மட்டும்; வேலை நாட்களில் காலை பத்து முதல் இரண்டு வரையும் மாலை ஆறு முதல் பத்து வரையும் மின்கட்டணம் அதிகம், வாரக்கடைசி முழுவதும் குறைவு. இதெல்லாம் யாரும் பலகையில் எழுதி வைக்கவில்லை. உட்கார்ந்து பேசும்போதுதான் தெரிய வந்தது.

அம்மா [இரவு 10:20]: வீட்டுக்குள் செருப்புப் போட்டுக்கொண்டுதான் நடக்க வேண்டும் என்றாயே, அது எனக்கு மனதுக்கு ஒப்பவில்லை.

யாழினி [இரவு 10:24]: வெளியில் போடும் செருப்பு இல்லை அம்மா, வீட்டுக்கென்று தனியாகக் கம்பளிச் செருப்பு. நான் வெறுங்காலோடு நடந்ததைப் பார்த்துவிட்டு, தரை சில்லென்று இருக்கிறது, காய்ச்சல் வந்துவிடும் என்று பாட்டி பதறிவிட்டார். அவருடைய பழைய செருப்பையே எடுத்துக் கொடுத்தார். பெரியவர்கள் அக்கறையில் சொல்வதை மறுக்க எனக்கு வாய் வரவில்லை.

அத்தை [இரவு 10:27]: சந்திக்கும்போது கன்னத்தோடு கன்னம் வைத்து முத்தமிடுவார்கள் என்கிறார்களே, ஆண்களிடமும் அப்படித்தானா?

யாழினி [இரவு 10:33]: பெண்களோடு அது இரண்டு கன்னத்திலும் சும்மா தொட்டுக்கொள்வதுதான் அத்தை, எனக்குப் பழகிவிட்டது. ஆண்கள் அறிமுகமானால் நானே முந்திக்கொண்டு கையை நீட்டிவிடுகிறேன்; எல்லோரும் சிரித்த முகத்தோடு கை குலுக்குகிறார்கள், ஒருவரும் தப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.

செந்தில் அண்ணன் [இரவு 10:41]: இவை எல்லாம் தானே சரியாகிவிடும், தாள் வேலை மட்டும் தானாக நடக்காது. யாழினி ஆறு மாதத்துக்கு மேல் தங்குவதால், ஸ்பெயினுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் வெளிநாட்டவர் அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதற்கு முன்னால் நகராட்சியில் இந்த வீட்டு முகவரியைப் பதிவு செய்ய வேண்டும், எம்பத்ரொனாமியென்தோ என்பார்கள். ஒப்பந்தம் உன் பெயரில் இல்லாததால், வீட்டுக்காரர் கையெழுத்திட்ட அனுமதிக் கடிதமும் அவருடைய அடையாள அட்டை நகலும் தேவைப்படும். கேட்டுவிட்டாயா? சில வீடுகளில் மாணவர்களைத் தங்க வைப்பார்கள், பதிவுக்கு மட்டும் தயங்குவார்கள்.

யாழினி [இரவு 10:50]: கேட்டேன் அண்ணா. முதலில் கொஞ்சம் யோசித்தார்கள். பதிவு செய்துவிட்டால் வீட்டு வரியில் ஏதாவது மாறுமோ என்ற ஐயம். பள்ளி ஒருங்கிணைப்பாளர் தொலைபேசியில் விளக்கிய பிறகு, வீட்டுக்காரர் தானே என்னோடு நகராட்சி அலுவலகம் வரை வந்து கையெழுத்துப் போட்டார். சான்றிதழ் கையில் கிடைத்துவிட்டது. அடுத்து காவல் துறை அலுவலகத்தில் முன்பதிவு நேரம் வாங்க வேண்டும்.

செந்தில் அண்ணன் [இரவு 10:57]: அந்த முன்பதிவுதான் கடினம். இணையதளத்தில் நேரம் இல்லை என்று வந்தால் விட்டுவிடாதே, அதிகாலையில் திரும்பத் திரும்பப் பார். இ.எக்ஸ்.17 என்ற படிவம், 790 வரிசையில் 012 என்ற கட்டண ரசீது, கடவுச்சீட்டு, விசா, புகைப்படம், பள்ளிச் சேர்க்கைக் கடிதம், நகராட்சிச் சான்றிதழ் எல்லாவற்றிலும் மூலமும் நகலும் வைத்துக்கொள். கட்டணத்தை முன்கூட்டியே வங்கியில் கட்டி முத்திரை வாங்கிவிடு. விரல்ரேகை எடுத்த பிறகு அட்டை வர ஒரு மாதம், சில சமயம் ஒன்றரை மாதம் ஆகும், அதுவரை கொடுக்கும் ரசீதைத் தொலைத்துவிடாதே.

செந்தில் அண்ணன் [இரவு 11:02]: சித்தி, இன்னொன்று. நெய்யும் கறிவேப்பிலையும் என்னால் எடுத்துப் போக முடியாது. பால் பொருளும் இறைச்சியும் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் பயணிகள் கொண்டுவரத் தடை. பச்சை இலை என்றால் தாவர நலச் சான்றிதழ் கேட்பார்கள். பொடி வகைகள் கட்டிக் கொடுங்கள், அதில் சிக்கல் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை

அம்மா [இரவு 7:30]: இரவெல்லாம் யோசித்தேன். குக்கர் வேண்டாம். பருப்புப் பொடியும் சாம்பார் பொடியும் மட்டும் கொடுத்தனுப்புகிறேன், அதையும் அவர்கள் மேசையில் எல்லோரோடும் சேர்ந்தே சாப்பிடு. தாளிப்பதாக இருந்தால் அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டு, சன்னலைத் திறந்து வைத்துவிட்டுச் செய். மிளகாய் நெடி அவர்களுக்குப் பழக்கம் இருக்காது.

யாழினி [இரவு 9:35]: சரி அம்மா, மிகவும் மகிழ்ச்சி. இன்று எனக்காகவே பெரிய சட்டியில் சொரீசோ இல்லாமல் பயறு வைத்திருந்தார். பக்கத்தில் லா அர்முஞா என்ற பகுதியில் விளைவது, தட்டையாக, வெளிர் பச்சையாக இருக்கும். பூண்டு, கேரட், பிரிஞ்சி இலை, புகையில் உலர்த்திய மிளகாய்த்தூள் சேர்த்திருந்தார். தொத்திறைச்சி வேண்டியவர்களுக்குத் தனியாக வாணலியில் வதக்கித் தட்டில் வைத்துவிட்டார். பேரக்குழந்தைகள் வந்திருந்தார்கள், அவர்களில் சின்னவன் எனக்கு வைத்ததையே கேட்டு வாங்கிச் சாப்பிட்டான்.

யாழினி [இரவு 9:38]: அவர்கள் உங்கள் எல்லோரையும் பார்த்துப் பேச விரும்புகிறார்கள். அடுத்த ஞாயிறு இங்கே மாலை நான்கரைக்கு, அதாவது உங்களுக்கு இரவு ஒன்பது மணிக்கு, வீடியோ அழைப்பு வைத்துக்கொள்ளலாமா?

அப்பா [இரவு 9:44]: கட்டாயம். அத்தை, பெரியம்மா எல்லோரும் இங்கே வந்துவிடச் சொல்கிறேன். செந்திலிடம் அவர்களுக்கும் ஏதாவது கொடுத்தனுப்ப வேண்டும். அந்த வட்ட மேசைக்கு மேல்விரிப்பு ஒன்று கரூரில் நல்ல கைத்தறியில் எடுக்கலாம் என்று அம்மாவுக்குத் தோன்றுகிறது. அளவு என்ன?

யாழினி [இரவு 9:58]: அளந்தேன் அப்பா. மேசை குறுக்களவு 90 சென்டிமீட்டர். அடியில் இருக்கும் கனத்த துணி அப்படியே இருக்கட்டும். அதன் மேல் ஒன்றரை மீட்டர் சதுரத் துணி ஒன்றைப் போடுகிறார்கள், இப்போது இருப்பது நிறம் மங்கிவிட்டது. பாட்டிக்குக் கருநீலம் பிடிக்கும்.

அப்பா [இரவு 10:03]: ஒன்றரை மீட்டர் சதுரம், கருநீலம். புதன்கிழமை கரூருக்குப் போகிற வேலை இருக்கிறது, அப்போது எடுத்துவிடுகிறேன்.