தோலுக்காக விழுந்த காட்டெருமைகள்: சுட்ட விதமும் வீணான விதமும்

1870களில் அமெரிக்காவின் கான்சாஸ், டெக்சாஸ் புல்வெளிகளில் காட்டெருமைகளுக்கு (பைசன்) நடந்ததை வேட்டை என்று சொல்லவே மனம் வரவில்லை. குதிரையில் துரத்துவதெல்லாம் அதற்கு முந்தைய வழக்கம். தோலுக்குச் சுடுபவன் காற்று தன் பக்கம் அடிக்கும்படி ஊர்ந்துபோய், சுமார் 200 கஜத்தில் படுத்துக்கொள்வான். இரண்டு கம்புகளைக் குறுக்காகக் கட்டி, தொலைவில் சுடும் கனமான ஷார்ப்ஸ் துப்பாக்கியை அதில் சாய்ப்பான். முதல் குண்டு மந்தையை நடத்தும் பெண் காட்டெருமைக்கு. குறி நுரையீரல். இதயத்தில் பட்டால் அது பாய்ந்து ஓடும், மந்தையும் கூடவே ஓடும். நுரையீரலில் பட்டால் மூக்கில் ரத்தம் வழிய நின்ற இடத்திலேயே தள்ளாடும். மற்றவை சுற்றி நின்று மோந்து பார்க்கும். அதில் எது நகரப் பார்க்கிறதோ அதற்கு அடுத்த குண்டு. குழல் சூடேறினால் குறி தவறும் என்பதால் கைவசம் இன்னொரு துப்பாக்கி இருக்கும்.

---

சுடுவதைவிட உரிப்பதில்தான் பெரும் நாசம். வயிற்றிலும் கால்களின் உட்பக்கத்திலும் கீறி, கழுத்தைச் சுற்றி அறுத்து, தலையில் இரும்புக் கம்பியை அடித்துத் தரையோடு இறுக்குவார்கள். பிடரித் தோலில் கயிறு கட்டிக் குதிரையை இழுக்கவிட்டால் தோல் கழன்று வரும். பிறகு முடிப்பக்கம் கீழே இருக்க முளையடித்துக் காயவைக்க வேண்டும். பூச்சி அரிக்காமலிருக்க ஆர்சனிக் தெளிப்பார்கள். ஆரம்பத்தில் வந்தவர்களுக்கு இந்தப் பக்குவம் தெரியாது. கத்தி பட்டு ஓட்டை, சரியாகக் காயாமல் அழுகல், அடிபட்டு எங்கோ போய்ச் செத்தவை வேறு. 1872 முதல் 1874 வரை ரயிலேறியவை சுமார் 13.78 லட்சம் தோல்கள், கொன்று வீணாக்கியவை சுமார் 17.8 லட்சம் என்பது ராணுவ அதிகாரி ரிச்சர்ட் டாட்ஜ் போட்ட கணக்கு. அந்த இரண்டாவது எண்ணைப் படிக்கும்போதெல்லாம் வயிறு எரிகிறது.

---

இவ்வளவு தோலும் எங்கே போனது என்பதையும் சேர்க்க வேண்டும். 1871 வாக்கில் இந்தத் தோலைப் பதனிட்டுக் கெட்டியான தோலாக்கும் வழி பிடிபட்டது. ஆலை இயந்திரங்களின் பெல்ட்டுக்கு அது ஏற்றது. அதுவரை குளிர்கால ரோமத்தோலுக்குத்தான் மதிப்பு. இப்போது ஆண்டு முழுக்கச் சுடலாம் என்றாகிவிட்டது. 1872இல் கான்சாஸின் டாட்ஜ் சிட்டிக்கு ரயிலும் வந்துவிட, அந்தப் பக்கத்துத் தெற்கு மந்தைக்குத் தப்ப வழியில்லை. 1881இல் வடக்கு மந்தை இருந்த மொன்டானாவின் மைல்ஸ் சிட்டிக்கும் ரயில் போனது. 1883 முடிவதற்குள் அங்கும் காலி. மந்தை கனடாவுக்குப் போயிருக்கிறது, திரும்பிவரும் என்று தோட்டாவும் வண்டியும் தயார் செய்து காத்திருந்தவர்கள் பலர்.

மிஞ்சியது எலும்பு. ஒரு டன்னுக்குச் சுமார் 100 மாட்டின் எலும்பு வேண்டும். உரத்துக்கும், சர்க்கரையை வெளுக்கும் எலும்புக்கரிக்கும் போனது. முதல் விளைச்சல் கைக்கு வருமுன் அதைப் பொறுக்கி விற்றுத்தான் பல குடியேறிகள் மாவு வாங்கினார்கள்.