பெத்திக்கு ஒரு தமிழ்ச்சொல்: பேதையா, தேரானா?

குன்னூரிலிருந்து:

வணக்கம். தோட்டச் சபைகளுக்கான வேதபாடக் குறிப்பின் சொற்பட்டியல் நீதிமொழிகளில் வந்து முட்டி நிற்கிறது. எபிரேய மூலத்தில் அறிவற்றவனுக்குப் பல சொற்கள்: எதையும் நம்பிவிடும் பெத்தி வேறு, கெசீல் வேறு, எவீல் வேறு. பழைய மொழிபெயர்ப்பில் 26:4-இன் கெசீல் ‘மூடன்’. 1:22-இல் அதே கெசீல் ‘மதியீனர்’. உரலில் போட்டுக் குத்தினாலும் மாறாத 27:22-இன் எவீலும் ‘மூடன்’தான். லேட்ஸ் என்ற சொல் ஓரிடத்தில் நிந்தனைக்காரன், இன்னோரிடத்தில் பரியாசக்காரன். தமிழை மட்டும் வைத்துத் தேடுகிறவருக்கு எதுவும் பிடிபடாது.

என் முன்மொழிவு: பெத்தி – பேதை, கெசீல் – மதியீனன், எவீல் – மூடன், லேட்ஸ் – பரியாசக்காரன். நாபால் என்ற எபிரேயச் சொல்லுக்கு சங்கீதம் 14:1-இல் உள்ள மதிகேடனே இருக்கட்டும்.

கோத்தகிரியிலிருந்து:

மற்ற நான்கும் சரி ஐயா, பேதை மட்டும் இடிக்கிறது. ஓதி உணர்ந்து, பிறருக்கும் உரைத்துவிட்டுத் தான் மட்டும் அடங்காதவனைக் குறள் 834 பேதை என்கிறது. அது கெசீலின் குணம். பெத்தியோ 14:15-இல் எந்த வார்த்தையையும் நம்புகிறவன். அவனுக்கு இன்னும் வழி உண்டு. 1:4-இன்படி இந்தப் புத்தகமே அவனுக்காகத்தான்.

‘வெகுளி’ பேச்சில் பொருந்தும், ஆனால் ஏட்டில் அதற்குக் கோபம் என்று பொருள். ‘வெள்ளந்தி’ கிட்டத்தட்ட பாராட்டு. குறள் 508-இல் ஆராயாமல் பிறனை நம்புகிறவன் ‘தேரான்’. அதையே எடுக்கலாம்: தேரான், தேரார், தேராமை.

வகுப்பில் விளக்க நம்மூர் நீலகிரித் தைலம் போதும். முகர்ந்துகூடப் பார்க்காமல் கலப்படத்தை வாங்குகிறவன் தேரான். கலப்படம் என்று தெரிந்தபின்னும் அதே கடைக்குப் போகிறவன் மதியீனன் (26:11). எச்சரித்தவரைக் கேலி செய்கிறவன் பரியாசக்காரன்.

உதகையிலிருந்து:

சொல் அருமை, எழுத்தில்தான் ஆபத்து. ரகரம் றகரமானால் ‘தேறான்’. ஒருக்காலும் உருப்படமாட்டான் என்றாகிவிடும். பெத்திக்கு நேர் எதிர்ப்பொருள்! தட்டச்சில் இந்தப் பிழை சர்வசாதாரணம், பிரசங்கத்தில் காதுக்கும் வித்தியாசம் தெரியாது. ‘ஆராயாதவன்’ என்றே வைக்கலாமே?

இன்னொன்று, புதிய ஏற்பாட்டை இதில் கலக்க வேண்டாம். மத்தேயு 7:26-இல் மணலில் வீடு கட்டியவனும் 25-ஆம் அதிகாரத்தின் ஐந்து கன்னிகைகளும் கிரேக்கத்தில் மோரோஸ், தமிழில் புத்தியில்லாதவர்கள். அதே வேரிலிருந்து வரும் மோரியா 1 கொரிந்தியர் 1:18-இல் ‘பைத்தியம்’. அங்கே பவுல் உலக ஞானத்தையே தலைகீழாக்குகிறார். தனிப்பட்டியல் போடுங்கள்.

குன்னூரிலிருந்து:

ஒப்புக்கொள்கிறேன். பெத்தியின் தலைச்சொல் ‘ஆராயாதவன்’. அடைப்பில் ‘தேரான், குறள் 508’. ஒவ்வொரு வசனத்துக்கும் பழைய மொழிபெயர்ப்பின் சொல்லை அடுத்த பத்தியில் அப்படியே விடுகிறேன். ‘பேதை’ என்று தேடினாலும் கிடைக்கும். மோரோஸ், மோரியா, லூக்கா 12:20-இன் கிரேக்கச் சொல் ஆஃப்ரோன் மூன்றும் தனி இழைக்குப் போகின்றன. ஆஃப்ரோனுக்கும் அங்கே மதிகேடன் என்றே இருப்பதால் நாபாலோடு மோதும். கோத்தகிரிக்காரர் அதை முதலில் பார்த்துச் சொல்லவும்.