காய்ச்சலுக்குப் பின் வந்த நிமோனியா: பெரியவர்களுக்கான தடுப்பூசி குறித்து உதவி வேண்டும்

அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் வசிக்கும் என் தந்தைக்கு வயது 71. சர்க்கரை நோயும் உண்டு. சென்ற மாதம் இன்புளூயன்சா வந்து, ஐந்தாம் நாள் காய்ச்சல் இறங்கி, அவரே கஞ்சி கேட்டுக் குடித்ததால் நிம்மதியடைந்தோம். ஏழாம் நாள் இரவு குளிர் நடுக்கத்துடன் காய்ச்சல் திரும்பியது. சளி துரு நிறத்தில் வந்தது. இரத்த ஆக்சிஜனை அளக்கும் ஆக்சிமீட்டர் 88 சதவீதம் காட்டியது. மலையில் சற்றுக் குறைவாகத்தான் காட்டும் என்று நானே சமாதானம் சொல்லிக்கொண்டு விடியும்வரை காத்திருந்தது தவறு.

கொண்டை ஊசி வளைவுகள் இருபதையும் கடந்து சேலம் வந்து சேர்ந்தபோது, வைரஸ் சிதைத்த மூச்சுக்குழாய் உட்சவ்வின் வழியே நியூமோகாக்கஸ் பாக்டீரியா நுரையீரலைத் தாக்கியிருப்பதாக மருத்துவர் விளக்கினார். 1918 இன்புளூயன்சா பெருந்தொற்றில் இறந்தோரில் பெரும்பாலோரை இத்தகைய இரண்டாம் தொற்றே கொன்றது என்று பிறகு படித்தேன். ஆன்டிபயாட்டிக் ஊசிகளால் தந்தை தேறி வீடு திரும்பிவிட்டார்.

இனி நியூமோகாக்கல் தடுப்பூசியும், ஆண்டுதோறும் இன்புளூயன்சா தடுப்பூசியும் போடச் சொல்லியிருக்கிறார்கள். சேலத்தில் இவற்றைப் பெரியவர்களுக்குப் போடும் இடங்கள் எவை, இருப்பு முறையாகக் கிடைக்கிறதா, செலவு எவ்வளவு என்பதை, அண்மையில் தம் பெற்றோருக்குப் போட்டவர்கள் தயவுசெய்து தெரிவிக்கவும். நிமோனியாவுக்குப் பின் எத்தனை வாரம் கழித்துப் போட்டீர்கள் என்பதையும் குறிப்பிட்டால், மருத்துவரிடம் கேட்க உதவியாக இருக்கும்.