டிரங்குப் பெட்டியில் கிடைத்த ஒரு படம்: கோலார் தங்கவயல்காரர்கள் வாங்க

சாம்பியன் ரீஃப்ஸில் பிறந்தவன், இப்போது பெங்களூரு

நைனாவோட தகர டிரங்குப் பெட்டியை ரொம்ப நாள் கழிச்சுத் திறந்தேன். பி.எஃப். காகிதங்கள், ஒரு துருப்பிடிச்ச சீப்பு, அடியில இந்தப் படம். ஏழு பேர், எல்லாத் தலையிலயும் ஹெல்மெட், நெத்தியில விளக்கு, இடுப்புல பேட்டரி. ஷிப்ட் முடிஞ்சு மேல வந்தவுடனே எடுத்திருக்காங்க போல, முகமெல்லாம் ஒரே கறுப்பு. பின்பக்கம் பென்சில்ல '2ம் ஷிப்ட்' என்று மட்டும் எழுதியிருக்கு. வலது கோடியில, பக்கத்து ஆள் தோள்ல கை போட்டபடி நிக்கிறவர்தான் நைனா.

கே.ஜி.எஃப்., அதாவது நம்ம கோலார் தங்கவயல், பழைய போட்டோன்னு தேடினா வர்றதெல்லாம் பங்களா, ரோஜாத் தோட்டம், கோல்ஃப் மைதானம், தொப்பி போட்ட துரைசாணிகள். தொழிலாளிங்க நாம இருந்த வரிசை வீடுகளை, அந்த லைன் வீடுகளைக் காணோம். உங்க வீட்டுப் பெட்டிகள்ல என்ன இருக்குன்னு பாருங்க. முதல்ல, இது எந்த ஷாஃப்ட் (சுரங்கத்துக்குள்ள இறங்குற குழி) முன்னால எடுத்ததுன்னு யாராவது சொல்ல முடியுமா?

மாரிக்குப்பம், ஓய்வுபெற்ற வைண்டிங் டிரைவர்

தம்பி, படத்தைப் பெருசு பண்ணிப் பாத்தேன். பின்னால தெரியுற இரும்புக் கால் சாஞ்சிருக்கிற தினுசைப் பாத்தா கிஃபோர்ட் ஷாஃப்ட் மாதிரி தெரியல. எட்கரும் இல்ல, அதுல நானே வேலை பாத்திருக்கேன். நந்திதுர்க் பக்கம் ஹென்றி ஷாஃப்டா இருக்கலாம். சத்தியம் பண்ண மாட்டேன்.

எங்க வேலையப் பத்திக் கொஞ்சம் சொல்றேன், பசங்களுக்குத் தெரியாது. ஆளையும் கல்லையும் கொண்டுபோற கூண்டுதான் கேஜ். அதை ஏத்தி இறக்குறவன் கேஜைப் பாக்கவே மாட்டான். எஞ்சின் ரூம்ல உக்காந்திருப்போம். எதிர்ல வட்டமா ஒரு டயல், அதுல முள்ளு நகரும், கேஜ் எந்த ஆழத்துல இருக்குன்னு அதை வெச்சுத்தான் தெரியும். மத்ததெல்லாம் மணிதான். ஒண்ணு அடிச்சா மேல தூக்கு, ஓடிட்டு இருக்கும்போது ஒண்ணு அடிச்சா நிறுத்து. ரெண்டு, இறக்கு. மூணு அடிச்சா ஆளு ஏறப் போறான்னு அர்த்தம். மூணு மணி கேட்டுச்சுன்னா பீடி வாயில இருந்தாலும் கீழ போட்டுடுவேன். கல்லு ஏத்துற வேகம் வேற, மனுசனை ஏத்துற வேகம் வேற.

நெத்தியில இருக்கிற விளக்கையும் பாருங்க. லேம்ப் ரூம்ல டோக்கனைக் குடுத்துத்தான் விளக்கு வாங்கணும். மேல வந்ததும் விளக்கைக் குடுத்துட்டு டோக்கனைத் திருப்பி வாங்கணும். ஷிப்ட் முடிஞ்சும் ஒரு விளக்கு மாட்டுற எடம் காலியா இருந்தா, ஒரு ஆள் இன்னும் கீழ இருக்கான். சாம்பியன் ரீஃப் மூணு கிலோமீட்டருக்கும் மேல ஆழம். அந்த அடியில பாறையைத் தொட்டா 60 டிகிரிக்கு மேல சூடு. ஏ.சி. பண்ணின காத்தை அனுப்பித்தான் வேலையே நடக்கும்.

ஊரிகம், லைன் வீட்டில் வளர்ந்தவள்

எங்க வீட்ல போட்டோன்னா ராபர்ட்சன்பேட்டை ஸ்டூடியோவுல அம்மா அப்பா கல்யாணத்துக்கு எடுத்த ஒண்ணே ஒண்ணுதான். அதுல பின்னால ஏரி, படகு, அன்னம் எல்லாம் திரையில வரைஞ்சிருக்கும். நெஜத்துல எங்க வாசல்ல தெரிஞ்சது சயனைடு மலை!

வெளியூர்க்காரங்களுக்காகச் சொல்றேன். கல்லை மாவா அரைச்சு, சயனைடு கரைசல்ல தங்கத்தைப் பிரிச்சப்புறம் மிஞ்சின மண்ணைக் கொட்டிக் கொட்டி வந்த மலை அது. மொத்தம் 13 மேடு, மூணு கோடி டன்னுக்கு மேலன்னு சொல்வாங்க. நாங்க சாக்கை மடிச்சுப் போட்டு அதுல சறுக்குவோம். வீட்டுக்கு வந்தா பாவாடையைப் பாத்தே அம்மா விளக்குமாத்தை எடுப்பாங்க. ஆடிக்காத்து வந்துட்டா துவைச்ச துணி வெள்ளையா காயாது, சாம்பலாத்தான் காயும். சோத்துப் பானையை மூடி, மேல ஒரு தட்டு, அது மேல ஒரு துணி. அப்படியும் பல்லுல நறநறன்னும்.

ராத்திரி ராக் பர்ஸ்ட் வந்தா முதல்ல பேசுறது பரண்ல இருக்கிற பாத்திரம்தான். ஒரு தடவை 'டங்'குனு ஒண்ணோட ஒண்ணு முட்டிக்கிட்டு அதிரும். அப்புறம்தான் தரை ஆடும். கீழ அத்தனை ஆழத்துல பாறை வெடிக்கிறது மேல படுத்திருக்கிறவ முதுகுல தெரியும். அடுத்த நிமிஷம் லைன் முழுக்கக் கதவு திறக்கும். யாரும் கத்த மாட்டாங்க. யார் வீட்டு ஆம்பளை எந்த ஷிப்ட்னு எல்லாருக்கும் மனப்பாடம். எங்க அத்தை செருப்பு கூட இல்லாம ஷாஃப்ட் வரைக்கும் ஓடுவாங்க. ஒரு தடவை ஓடிப்போய் நின்னா, மாமா பின்னாலயே வந்து "இன்னாடி, நான் இன்னிக்கு லீவு, உள்ள தூங்கிட்டுத்தானே கீறேன்"ன்னாராம். அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாங்க. படம் எதுவும் இல்லாததால இதை எழுதினேன்.

ஆண்டர்சன்பேட்டை

அந்தப் பங்களாப் படங்களைப் போட்டு இந்த ஊரைக் 'குட்டி இங்கிலாந்து' என்று பெருமையாகச் சொல்கிறவர்களைக் கண்டால் எனக்குக் கொஞ்சம் எரிச்சல். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து கம்பி இழுத்து இந்த ஊருக்கு மின்சாரம் வந்தது. பெங்களூருக்கே அதற்குப் பிறகுதான். ஆனால் அது வந்தது சுரங்கத்துக்கு. என் தாத்தா சிம்னி விளக்கில்தான் எழுத்துக்கூட்டிப் படித்தார்.

அந்தப் படிப்பும் மாரிக்குப்பம் பௌத்த சங்கத்துக்காரர்களிடம்தான் தொடங்கியது. தமிழ் பௌத்தத்தை முன்னெடுத்த அயோத்திதாசப் பண்டிதரின் இயக்கம் வட ஆற்காட்டிலிருந்து வந்த தொழிலாளர்களிடையே இங்கே ஆழமாக வேர்விட்டது. 1914இல் அவர் மறைந்த பிறகு, அவர் நடத்திய 'தமிழன்' இதழை மறுபடி தொடங்கி நடத்தியது அவர் இயக்கத்தைச் சேர்ந்த அப்பாத்துரையார், அதுவும் இந்தத் தங்கவயலிலிருந்துதான். கைரேகை பதியச் சொன்னதை எதிர்த்து 1930இல் வேலைநிறுத்தம் செய்த ஊர் இது. "நாங்க என்ன கேடிங்களா?" என்று தாத்தா கேட்பது போலவே சொல்லிக் காட்டுவார். ரோஜாத் தோட்டப் படங்களுக்குக் கீழே இதையும் எழுதுங்கள்.

சாம்பியன் ரீஃப்ஸ், இன்னொருவன்

எங்க பெரியப்பா கதையையும் சேத்துக்கங்க. அறுபதுகள்ல டாட்டா ஆராய்ச்சி நிலையத்துக்காரங்க இரும்புத் தகடும் கருவியுமா சாம்பியன் ரீஃப் ஆழத்துக்கு இறங்கினாங்க. சாமான் இறக்கினவங்கள்ல பெரியப்பாவும் ஒருத்தர். புதுசா தங்கம் தேடுறாங்கன்னு லைன் முழுக்க வதந்தி. ஒரு நாள் தைரியமா கேட்டே விட்டாராம். "அது கண்ணுக்குத் தெரியாது, பூமியையே துளைச்சுட்டுப் போயிடும்"ன்னு ஒருத்தர் சொன்னாராம். பெரியப்பா வீட்டுக்கு வந்து, "படிச்சவங்கதான், பாவம், பேயைப் புடிக்க வந்திருக்காங்க"ன்னார்.

1965ல அந்தப் பேயைப் புடிச்சே விட்டாங்க. காத்து மண்டலத்துல பொறக்கிற நியூட்ரினோங்கிற நுண்துகளை முதல் முதலா பதிவு பண்ணினது இங்கயும், அதே வருஷம் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒண்ணுலயும்தான். அவ்வளவு தடிமனான பாறை மேல இருந்தாத்தான் மத்த கதிரெல்லாம் வடிகட்டிப் போகுமாம். ஆழம் நம்ம ஆளுங்க வெட்டினது.

மாரிக்குப்பம் ரயில்காரன்

என்கிட்ட இருக்கிறது பழைய படம் இல்ல, செல்ஃபோன்ல எடுத்தது. விடியக்காலை பிளாட்பாரம், தோள்ல டிபன் பை, கம்பளி சுத்தின தலைகள். 2001 பிப்ரவரி 28ல மைன்ஸ் மூடினப்புறம் எங்க ஷாஃப்ட் இந்த ரயில்தான். சாம்பியன், ஊரிகம், கோரமண்டல்னு ஒவ்வொரு ஸ்டேஷனா ஊரை அள்ளிக்கிட்டு பங்காருபேட்டை வழியா பெங்களூருக்குப் போகும். ராத்திரி திரும்பக் கொண்டுவந்து கொட்டும். அப்பா சூரியனைப் பாக்காம வேலை செஞ்சார். நானும் வீட்ல இருந்து சூரியனைப் பாக்கிறது ஞாயித்துக்கிழமைதான்.

மறுபடியும் முதலில் எழுதியவன்

எல்லாருக்கும் நன்றி. ஊரிகம் அக்கா எழுதினதை அம்மாவுக்குப் படிச்சுக் காட்டினேன். பாத்திரம் 'டங்'குனு அதிரும்ன இடத்துல, "ஆமா, ஆமா"ன்னு கையைப் புடிச்சுக்கிட்டாங்க.

அப்புறம்தான் ஒரு விஷயம். அம்மாவுக்குப் போன மாசம்தான் கண் ஆபரேஷன் ஆச்சு. படத்தை ஜன்னல் பக்கம் எடுத்துட்டுப் போய் ரொம்ப நேரம் பாத்தாங்க. "வலது கோடியில இருக்கிறது உங்க நைனா இல்லடா"ன்னாங்க. நான் விடல, மூக்கைப் பாரு, நிக்கிற நிலையைப் பாருன்னேன். அம்மா விரலை நகத்தி மூணாவது ஆள் கழுத்துல வெச்சாங்க. கழுத்தைச் சுத்தி ஒரு துண்டு. ஓரத்துல கோணல் மாணலா ஒரு தையல், பெருசு பண்ணினாத்தான் தெரியுது. "கிழிஞ்சு போச்சுன்னு நான் தெச்சுக் குடுத்தது. மூஞ்சியெல்லாம் கரியா வந்தா யாருக்கு அடையாளம் தெரியும்? நாங்க துண்டைப் பாத்துத்தான் கண்டுபிடிப்போம்."

மேல எழுதினதை அப்படியே விட்டுவைக்கிறேன், என் அசட்டுத்தனத்துக்குச் சாட்சியா. நைனா இடமிருந்து மூணாவது. வலது கோடியில தோள்ல கை போட்டு நிக்கிறவரோட பிள்ளைங்க யாராவது இதைப் படிச்சா சொல்லுங்க. அவர் இடது கால் கட்டைவிரல்ல ஒரு துணிக்கட்டு இருக்கு.